எந்த விமானத்தில் எந்த சீரியல் நம்பர்: ஏ.டி. வேலையில் கற்றவை

ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ் என்பதைச் சுருக்கி ஏ.டி. என்போம். ஒரு விமானத்திலோ என்ஜினிலோ ஆபத்தான குறை ஒன்று தெரியவந்து, அதே ரகத்தைச் சேர்ந்த மற்றவற்றிலும் அது இருக்கலாம் என்று பட்டால், அந்த வடிவமைப்புக்குச் சான்று தந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு போடும் உத்தரவு அது. அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஈ.ஏ.எஸ்.ஏ. இந்தப் பாகத்தைச் சோதி, இதைக் கழற்றி வேறு போடு, இத்தனை நாளைக்குள் முடி, முடிக்காமல் பறக்காதே. பேரத்துக்கு இடமில்லை.

ஹேங்கரில் ஸ்பேனர் பிடித்த காலத்தில் எனக்கு ஏ.டி. என்றால் ஷிஃப்ட் ஆரம்பத்தில் கைக்கு வரும் ஒரு டாஸ்க் கார்டு, அவ்வளவுதான். பிறகு ரெக்கார்ட்ஸ், பிளானிங் பக்கம் போனேன். அந்தக் கார்டு ஒருவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இடத்தில் கோட்டை விட வாய்ப்பு இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. சோதனையையும் மாற்றுவதையும் நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லா ஹேங்கரிலும் இருக்கிறார்கள். நம்மிடம் உள்ள எந்த விமானத்தில், எந்த இடத்தில், எந்த சீரியல் நம்பர் பாகம் உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவர்கள்தான் குறைவு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

புது ஏ.டி. வந்தவுடன் பலரும் நேராக 'என்ன செய்ய வேண்டும்' என்ற பத்திக்குப் போவார்கள். நான் முதலில் 'யாருக்குப் பொருந்தும்' என்ற பத்தியில்தான் நிற்பேன். சில உத்தரவுகள் விமானத்தின் தயாரிப்பு எண்ணை வைத்துப் பொருந்தும். இன்ன எண் முதல் இன்ன எண் வரை என்று இருக்கும், நம் விமானம் அதில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வேறு சில, பாகத்தைத் தொடர்ந்து போகும். இன்ன பார்ட் நம்பர், இன்ன சீரியல் வரிசை, அது எந்த விமானத்தில் பூட்டப்பட்டிருந்தாலும் சரி என்று எழுதியிருக்கும். இந்த இரண்டாவது ரகம்தான் ஆளைப் படுத்தும். விமானத்தின் எண் மாறாது, அதில் உள்ள பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் ஒரு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரின் குறிப்பிட்ட சீரியல் வரிசைக்கு உத்தரவு வந்தது. கணினியில் தேடினோம், சில விமானங்கள் பட்டியலில் வந்தன. அவற்றுக்கு வேலை ஒதுக்கிவிட்டால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் மூத்த இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டியல்ல இல்லாத விமானத்தையும் போய்ப் பாருங்க. டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்குங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். ஆக்சுவேட்டரின் பெயர்த்தகடு நம் கண்ணுக்கு எதிரே இருக்காது. உடம்பை மடக்கி உள்ளே நுழைந்து, நீண்ட கைப்பிடிக் கண்ணாடியைப் பின்பக்கம் நீட்டி, டார்ச் ஒளியைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்படி பிடிக்க வேண்டும். எழுத்து இடம் வலம் மாறித் தெரியும். தகட்டின் மேல் எண்ணெயும் தூசியும் படிந்து ஒரு பழுப்புப் படலம். அதைத் துடைக்கும்போது அவசரப்பட்டுக் கரைப்பான் ஊற்றிவிடக் கூடாது. மையால் அச்சிட்ட தகடாக இருந்தால் எண்ணே அழிந்துபோகும், அப்புறம் அந்தப் பாகம் யாரென்றே யாருக்கும் தெரியாது. முதலில் ஈரத் துணி, பொறுமையாக. துடைத்த பிறகும் ஓர் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெளிவில்லை. ஒருவர் படிக்க, இன்னொருவர் ரெக்கார்டைப் பார்க்காமலேயே தனியாகப் படித்து எழுத, இரண்டையும் ஒப்பிட்டோம். 8. உத்தரவில் உள்ள வரிசைக்குள் விழும் எண். கணினியோ அந்த விமானத்தில் வேறு சீரியல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய காகிதங்களைக் கிளறியபோது காரணம் கிடைத்தது. முன்பு ஒரு நாள் ஒரு விமானம் பறக்க முடியாமல் நின்றிருக்கிறது. ஸ்டோரில் மாற்றுப் பாகம் இல்லை. பக்கத்தில் பெரிய பராமரிப்புச் செக்கில் இருந்த இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி இதில் போட்டிருக்கிறார்கள். எங்கள் பேச்சில் இதற்கு ராபரி என்று பெயர், முறைப்படி அனுமதிக்கப்பட்ட நடைமுறைதான். போட்டதற்குக் கையெழுத்து இருந்தது, பார்ட் நம்பர் சரியாக இருந்தது. சீரியல் நம்பர் மட்டும் கணினியில் ஏறவில்லை. அன்று அந்த விமானம் பத்திரமாகப் பறந்துவிட்டது, யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஏ.டி. வந்த அன்றுதான் அந்த விடுபாடு வெளியே வந்தது.

அதனால் பாகத்தைத் தொடரும் ஏ.டி. எதுவாக இருந்தாலும், கணினிப் பட்டியலை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் எட்டும் இடத்தில் இருந்தால் எல்லா விமானத்திலும் தகட்டை நேரில் பாருங்கள், போட்டோ எடுங்கள். எட்டாத இடத்தில் இருந்தால், கடைசியாக அதைப் பூட்டிய நாளின் டாஸ்க் கார்டையும் பாகத்தோடு வந்த சான்றிதழையும் தேடி எடுத்து இரண்டிலும் சீரியல் ஒத்துப்போகிறதா பாருங்கள். ராபரி நடந்த பதிவுகளைத் தனியாக ஒரு முறை அலசுங்கள்.

விமானத்தோடு நிறுத்தவும் கூடாது. பல உத்தரவுகளின் கடைசிப் பகுதியில், இன்ன தேதிக்குப் பிறகு இந்தப் பாகத்தை எந்த விமானத்திலும் பொருத்தக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் படிக்காமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைப்பாக இருக்கும். விமானத்திலிருந்த பழைய ஆக்சுவேட்டரை எல்லாம் மாற்றி முடித்திருப்பார்கள், ஸ்டோர் அலமாரியில் அதே வரிசையைச் சேர்ந்த ஒன்று 'பயன்படுத்தலாம்' என்ற டேக்கோடு உட்கார்ந்திருக்கும். ராத்திரி ஷிஃப்டில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை எடுத்துப் பூட்டுவார். ஸ்டோர், கைவசமுள்ள மாற்று என்ஜின், பட்டறைக்குப் போய்த் திரும்ப வரவேண்டிய பாகங்கள், வெளியே கடன் கொடுத்தவை, கடன் வாங்கியவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஏ.டி. வந்த அன்றே ஸ்டோருக்கு எழுத்தில் தெரிவித்து அந்தப் பாகங்களைத் தனியே எடுத்துப் பூட்டி வைக்கச் சொல்வது என் வழக்கம்.

அடுத்தது கெடு. விமானம் ஒரு முறை ஏறி இறங்கினால் எங்கள் பேச்சில் அது ஒரு சைக்கிள். 'எது முதலில் வருகிறதோ' என்பதும் 'எது பின்னால் வருகிறதோ' என்பதும் ஒரே ஒரு சொல் வித்தியாசம்தான், விளைவு தலைகீழ். '6 மாதம் அல்லது 500 சைக்கிள், எது முதலில் வருகிறதோ' என்று இருந்தால், ஒரு நாளைக்கு 6 முறை ஏறி இறங்கும் விமானத்துக்கு மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே கெடு வந்துவிடும். காலண்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்தால் மாட்டிக்கொள்வோம். வேறொரு உத்தரவில் 'மொத்தம் 20,000 சைக்கிள் ஆவதற்குள், அல்லது அமலுக்கு வந்த தேதியிலிருந்து 1,000 சைக்கிளுக்குள், எது பின்னால் வருகிறதோ' என்று இருக்கும். அமலுக்கு வந்த நாளில் 19,500 சைக்கிள் ஓடியிருந்த விமானத்துக்கு 20,500 வரை நேரம் உண்டு. கணக்கு எளிதுதான். ஆனாலும் இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடாமல் நான் பிளானிங்கில் ஏற்ற விடமாட்டேன்.

திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சோதனைகளில் இன்னொரு பொறி உண்டு. வழக்கமான பராமரிப்புத் திட்டத்தின் வேலைகளைச் சில நிபந்தனைகளோடு கொஞ்சம் தள்ளிப்போட அனுமதி இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஏ.டி. வேலையையும் தள்ளிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். முடியாது. உத்தரவிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏ.எம்.ஓ.சி. எனப்படும் மாற்று வழிக்கான ஒப்புதலை ஒழுங்குமுறை அமைப்பிடம் எழுதி வாங்க வேண்டும்.

கெடு என்றால் பறந்த மணியும் சைக்கிளும் மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். 2015-ல் போயிங் 787-க்கு எஃப்.ஏ.ஏ. ஓர் ஏ.டி. போட்டது. மின்சாரம் நிற்காமல் 248 நாள் ஓடினால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளுக்குள் இருக்கும் ஓர் எண்ணி (கவுன்டர்) நிரம்பி வழியும். எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் உயிர்ப்பித்திருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும், விமானம் முழுவதும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரம் போகும். தீர்வு, குறித்த இடைவெளியில் மொத்த மின்சாரத்தையும் அணைத்துப் போடுவது. எந்தப் பாகமும் கழற்ற வேண்டாம். ஆனால் கடைசியாக முழுதாக அணைத்தது எப்போது என்று எழுதி வைக்கும் வழக்கம் அதற்கு முன் எத்தனை இடத்தில் இருந்திருக்கும்? இப்படிப்பட்ட உத்தரவு வந்தால் வேலையோடு அதைப் பதியும் முறையையும் சேர்த்தே உருவாக்க வேண்டியிருக்கிறது.

இப்போது, இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது முழு அறிக்கையைப் படித்தாக வேண்டும் என்று நான் நினைக்கும் விபத்து. 1988 ஏப்ரல் 28. அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் 243, போயிங் 737-200. ஹவாயின் தீவுகளுக்கு இடையே குட்டிக் குட்டிப் பயணங்கள், அதனால் 89,680 சைக்கிள் ஓடியிருந்தது. 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு விமானப் பணிப்பெண் வெளியே வீசப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானத்தை மாவி தீவில் இறக்கிவிட்டார்கள்.

உடற்பகுதித் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேரும் இடத்தை லேப் ஜாயின்ட் என்போம். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது, இறங்கும்போது குறைகிறது. அந்த விமானத்தில் தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், பாரம் முழுவதும் ரிவெட்டுகளின் மேல் விழுந்தது. ரிவெட் துளைகளின் ஓரத்தில் சின்னச் சின்ன விரிசல்கள், அடுத்தடுத்த துளைகளில், கடைசியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. தயாரிப்பு நிறுவனம் 1987-ல் எச்சரிக்கை சர்வீஸ் புல்லட்டின் (பராமரிப்பு அறிவுரை) வெளியிட்டு, லேப் ஜாயின்ட்டுகளைச் சோதிக்கச் சொல்லியிருந்தது. அதை அடிப்படையாக வைத்து எஃப்.ஏ.ஏ. 87-21-08 என்ற ஏ.டி.யைப் போட்டது. ஆனால் கட்டாயமாக்கியது மேல்பக்கத்தில் இரு புறமும் உள்ள ஒரு ஜோடி இணைப்பை மட்டும்தான். புல்லட்டின் சொன்ன எல்லா இணைப்புகளையும் ஏ.டி. கட்டாயமாக்காததை விசாரணை அறிக்கை விபத்துக்குப் பங்களித்த காரணங்களில் ஒன்றாக எழுதியது. அலோஹா நிறுவனத்தின் பராமரிப்பு முறையையும் கடுமையாகச் சாடியது. ஏறும்போது கதவுக்கு அருகே ரிவெட் வரிசையில் ஒரு விரிசலைப் பார்த்ததாகவும், யாரிடமும் சொல்லவில்லை என்றும் ஒரு பயணி பிற்பாடு சொன்னார்.

நான் ஏ.டி. கேட்கும் வேலையோடு அதற்கு அடிப்படையான சர்வீஸ் புல்லட்டினையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பது இதனால்தான். இரண்டும் ஒரே பரப்பைச் சொல்கிறதா, ஏதாவது விடுபட்டிருக்கிறதா, எந்தத் திருத்தப் பதிப்பின்படி செய்யச் சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். பேனல் ஏற்கெனவே திறந்திருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறார் என்றால், உத்தரவு கேட்காத பக்கத்து இணைப்பையும் ஒரு முறை பார்த்துவிட்டு வரச் சொல்வேன். கட்டாயமாக்கப்பட்ட இடத்தோடு விரிசல் நின்றுவிடும் என்று யார் உறுதி சொன்னார்கள்?

புல்லட்டினுக்கும் ஏ.டி.க்கும் நடுவே உள்ள காலமும் அப்படியே. 2016 ஆகஸ்டில் ஒரு சவுத்வெஸ்ட் 737-ல் சி.எஃப்.எம். 56-7பி என்ஜினின் ஃபேன் ப்ளேடு ஒன்று உடைந்தது. என்ஜின் தயாரிப்பாளர் சோதனை செய்யப் பரிந்துரைத்தார். 2017 ஆகஸ்டில் எஃப்.ஏ.ஏ. வரைவு உத்தரவை வெளியிட்டது. அது இறுதியாவதற்குள், 2018 ஏப்ரல் 17 அன்று அதே நிறுவனத்தின் விமானம் 1380-ல் இன்னொரு ப்ளேடு உடைந்து, ஒரு பயணி இறந்தார். மூன்றே நாளில் அவசர ஏ.டி. வந்தது, 30,000 சைக்கிளைத் தாண்டிய என்ஜின்களின் ப்ளேடுகளை 20 நாளுக்குள் அல்ட்ராசோனிக் முறையில் சோதிக்கச் சொல்லி. வரைவு வந்தவுடனேயே கருவியையும் ஆளையும் நேரத்தையும் ஒதுக்க ஆரம்பிக்க வேண்டும் என்று நான் பிளானிங் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சண்டை போடுவேன். இறுதி உத்தரவு வரும் நாளில் உலகம் முழுக்க எல்லோரும் ஒரே கருவியையும் ஒரே பாகத்தையும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சரி, சோதனை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாத விரிசல்களைத் தேடுவதுதான் எடி கரண்ட், அதாவது சுழல் மின்னோட்டச் சோதனை. வேலை தொடங்குவதற்கு முன், செயற்கையாக மெல்லிய வெட்டுப் போட்ட அதே உலோகத் துண்டின் மேல் ப்ரோபை (சோதனை முனையை) வைத்துக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். ப்ரோபைத் தகட்டிலிருந்து லேசாகத் தூக்கினால் திரையில் புள்ளி கிடைமட்டமாக ஓடும்படியும், வெட்டின் மேல் போகும்போது செங்குத்தாக மேலே எழும்படியும் அமைத்துக்கொள்வோம். பிறகு ரிவெட் வரிசையில் ஒன்றொன்றாக. பெயின்ட் தடிப்பு மாறினால் புள்ளி நகரும், விளிம்புக்குப் பக்கத்தில் போனாலும் நகரும். ஒரு ரிவெட்டில் புள்ளி சற்றே மேலே எழுந்து சாய்ந்தால், அதைத் தள்ளிவிடாமல் அங்கேயே நின்று, வேறு திசையிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி அந்த வெட்டுத் துண்டில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். முதலில் வந்த அதே உயரம் வரவில்லை என்றால், கடைசியாகச் சரி பார்த்ததற்குப் பின் சோதித்தவை எல்லாம் செல்லாது, முழுவதும் திரும்பச் செய்ய வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு இதைச் சொல்ல மனசு வராது. சொல்லியாக வேண்டும். ஒருவரே மணிக்கணக்கில் திரையைப் பார்க்காமல் நடுவில் ஆள் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்வது சூப்பர்வைசரின் பொறுப்பு.

விரிசலைச் சாயம் விட்டுக் காட்டும் பெனிட்ரன்ட் சோதனையில் சுத்தம்தான் எல்லாம். சாயம் விரிசலுக்குள் இறங்க வேண்டுமென்றால் அங்கே கிரீஸோ பெயின்ட்டோ இருக்கக் கூடாது. மென்மையான உலோகத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்தால், மேற்பரப்பு இழுபட்டு விரிசலின் வாயையே மூடிவிடும்.

சோதனையே தவறினால் என்ன ஆகும் என்பதற்கு யுனைடெட் 232 இருக்கிறது. 1989 ஜூலை 19, டி.சி.-10 விமானத்தின் வால் என்ஜினில் ஃபேன் டிஸ்க் (ப்ளேடுகளைத் தாங்கும் வட்டு) வெடித்துச் சிதறியது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. சூ சிட்டியில் இறக்க முயன்றபோது 112 பேர் இறந்தார்கள். அந்த டிஸ்க்குக்கு அனுமதிக்கப்பட்ட ஆயுள் 18,000 சைக்கிள், உடைந்தது 15,503-ல். வார்ப்பிலேயே இருந்த குறையிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. கடைசியாகப் பெனிட்ரன்ட் சோதனை செய்தபோது அது கிட்டத்தட்ட அரை அங்குல நீளம் இருந்திருக்க வேண்டும் என்று விசாரணையில் கணக்கிட்டார்கள். கண்ணில் படவில்லை.

ஆயுள் வரம்பு உள்ள பாகங்களை மாற்றும்போது "பார்க்கப் புதுசு மாதிரிதானே இருக்கு, ஏன் தூக்கிப் போடுகிறோம்" என்று புதியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டிஸ்க் போன்றவற்றில் விரிசல் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று போட்ட கணக்குதான் அந்த எண். பார்வைக்கு நன்றாக இருப்பதால் ஒரு சைக்கிள்கூட நீட்ட முடியாது. தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து எந்தெந்த என்ஜினில் எத்தனை சைக்கிள் ஓடியது என்ற வரலாறு முழுதாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் உரிமையாளரின் காலத்துக்குக் காகிதம் இல்லை என்றால், பளபளவென்று இருக்கும் டிஸ்க்கும் பயன்படாது.

புதிதாகப் போடும் பாகத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். 1989 செப்டம்பர் 8-ல் பார்ட்னேர் நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் டென்மார்க் கடற்கரைக்கு அப்பால் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். வாலின் செங்குத்துத் துடுப்பைப் பிணைத்த பகுதிகளில் போலி பாகங்கள் இருந்தது விசாரணையில் தெரியவந்தது. எஃப்.ஏ.ஏ. 8130-3, ஈ.ஏ.எஸ்.ஏ. படிவம் 1 போன்ற சான்றிதழ் கையில் வந்தால், அதில் உள்ள பார்ட் நம்பர், சீரியல், நிலை மூன்றையும் பாகத்தின் மேல் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சான்றிதழில் எந்த ஏ.டி., எந்தப் புல்லட்டின் செய்யப்பட்டது என்று குறிப்புக் கட்டத்தில் இருக்கும், அதையும் படியுங்கள். எழுத்துரு மாறியிருந்தாலோ, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தாலோ, வழங்கியவர் என்று போட்டிருக்கும் நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்புகொண்டு கேளுங்கள். அவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி வருவது சகஜம்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிந்த வேலையைப் பதியும்போது 'ஏ.டி. செய்யப்பட்டது' என்ற ஒரு வரி போதாது. ஏ.டி. எண், திருத்தம், புல்லட்டினின் எந்தப் பதிப்பு, எந்த வழியில் செய்தோம், அன்றைய மொத்த மணி, சைக்கிள், திரும்பச் செய்ய வேண்டியதா, இல்லை இத்தோடு முடிந்ததா என்று எல்லாம் இருக்க வேண்டும். விமானம் கை மாறும்போது அடுத்தவர் நம் கையெழுத்தை மட்டும் நம்பித்தான் பறக்க விடுவார்.

இன்னொன்று, பலர் தவிர்த்துவிடுவது. சோதனை முடிவைத் தயாரிப்பாளருக்கு அனுப்பச் சொல்லும் உத்தரவுகளில், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அனுப்பச் சொல்லியிருப்பார்கள். விரிசல் கிடைத்தால் உடனே அனுப்புவோம், கிடைக்காவிட்டால் சோம்பலாக இருக்கும். அடுத்த திருத்தத்தில் இடைவெளியைக் கூட்டுவதா குறைப்பதா, இன்னும் எந்த சீரியல்களைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பொறியாளர்களுக்கு, 25,000 சைக்கிள் ஓடியும் விரிசல் இல்லாத ஓர் இணைப்பு என்பது முக்கியமான செய்தி. விமானத் தயாரிப்பு எண், மொத்த மணி, மொத்த சைக்கிள், பார்த்த இடம், பயன்படுத்திய முறை, முன்பு அங்கே ரிப்பேர் ஏதாவது நடந்திருக்கிறதா. இத்தனையும் டாஸ்க் கார்டிலேயே இருக்கும், எடுத்து எழுதப் பத்து நிமிடம் ஆகும். கார்டை மூடுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள், மூடிய பிறகு யாரும் திறப்பதில்லை.